தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு

அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டுவதற்காகப் பின் பால்கனியை ஒழித்துக்கொண்டிருந்தாள் வேதநாயகி. வாளி, துணி ஸ்டாண்ட் எல்லாம் உள்ளே போய்விட்டன. மூலையில் அந்த மண்தொட்டிதான் பாக்கி. வேதாரண்யம் பக்கம் சுனாமித் தண்ணீர் ஏறிய வயலிலிருந்து அப்பா அள்ளி வந்த மண். வைத்தியத்துக்கென்று மராத்திக்காரர் ஊரான சாங்விக்கு, மகன் சந்துரு வீட்டுக்கு வந்த மனுஷர், மூக்குக் கண்ணாடியை மறந்தார், மண்ணை மறக்கவில்லை.

கடலோரச் சிறு விவசாயிகளுக்கு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. கடல் பக்கம் ஒரு பட்டை நிலத்தைச் சவுக்குத் தோப்புக்கு விட்டுவிட வேண்டும். மிச்சத்தில் உப்பை இறக்க ஜிப்சமும் வங்கிக் கடனும் கிடைக்கும். மண் தேறுமா என்று தெரியாமல் கடனில் தலையைக் கொடுக்க அப்பாவுக்குப் பயம். தொட்டியில் தேறினால் வயலிலும் தேறும் என்றார். தேறாவிட்டால் இறால் பண்ணைக்காரன் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

வந்த கொஞ்ச நாளிலேயே படுக்கையாகிவிட்டார். மருமகள் மீனுதான் ஜிப்சம் கலந்து தண்ணீர் ஊற்றினாள். வாரா வாரம் ஒரு சிட்டிகை மண்ணை அவர் நாக்கில் வைத்தாள். எப்போதும் உப்புதான். போன ஞாயிற்றுக்கிழமை தன் வீடு இருக்கும் விஷ்ராந்த்வாடியிலிருந்து வேதநாயகி பார்க்க வந்தபோது சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“செத்த மண்ணு, பாப்பா. தம்பிகிட்ட, வயலக் குடுத்துரச் சொல்லு.”

இப்போது தொட்டியைத் தூக்கினாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

தொட்டியை அப்படியே திரும்ப வைத்தாள். இறங்கிய உப்பு தட்டிலேயே தேங்கி, திரும்பத் திரும்ப மண்ணுக்கே ஏறியிருக்கிறது. வடிகால் இல்லாமல் எந்த மண் தேறும்? மண் செத்ததென்று நம்பியே போய்விட்டாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பின்னால் மீனு நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“கீழ்வீட்டு காக்கூ, அந்த மராத்திக்காரம்மா, செவுத்துல கறை எறங்குதுன்னு சத்தம் போட்டாங்க. அதான் தட்டு வச்சேன்க்கா. வச்சிருக்கக் கூடாதா?”

மாமனாருக்கு முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தவள். சொன்னால் ஆயுசுக்கும் இதையே நினைத்து மறுகுவாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, மீனு. நீ போயி அப்பா வேட்டிய எடுத்து வை.”

அவள் போனதும் தட்டை உருவிவிட்டு, குளிப்பாட்ட வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு தொட்டியில் ஊற்றினாள். இன்னொரு சொம்பு. அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்து தரையில் பரவியது.

சந்துரு செல்போனோடு வாசற்படிக்கு வந்தான். இறால் பண்ணைக்காரனின் ஆள்தான், துக்கம் விசாரித்த கையோடு பத்திரத்தைப் பற்றியும் கேட்டான் போல. காரியம் முடியட்டும், கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் காலை ஈரம் தொட்டதும் குனிந்தான். தொட்டியைப் பார்த்தான். அக்கா கையிலிருந்த தட்டைப் பார்த்தான். வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

போனில் அந்த ஆள் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தான். சந்துரு அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். வேட்டியோடு மீனு வரும் சத்தம் கேட்டது. தட்டை வாங்கிப் பழைய பேப்பருக்கு அடியில் செருகினான். பிறகு உட்கார்ந்து, தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து, தண்ணீர் வடிய அரைச் செங்கல்லை அடியில் கொடுத்தான்.