தொப்பியைத் தூக்கினால்

கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரத்திலேயே பல் டாக்டருக்கு அஞ்சாத ஒரே ஆண்மகன் மெதெர். இதற்குச் சாட்சியும் மெதெர்தான். முப்பத்து மூன்று வயதுவரை அவன் எந்தப் பல் டாக்டரிடமும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

செவ்வாய்தோறும் அவன் ஒரு மையத்துக்குப் போவான். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஆண்கள் கூடும் இடம். மெதெருக்குப் பத்து வயதில், மல்யுத்தப் பயிற்சியாளரால் நேர்ந்தது. அங்கே அழுகையும் உண்டு. ஆனால் கீழ்மாடித் தையற்காரி புகார் செய்ததென்னவோ சிரிப்புச் சத்தத்தைப் பற்றித்தான்.

மல்லாந்து படுப்பதும், வாயில் அடுத்தவர் கை நுழைவதும் இவர்களில் பலருக்கு ஆகாது. அதனால் மையமே குல்சுன் அக்கா என்ற பல் டாக்டரைப் பேசி வைத்திருந்தது. கிர்கிஸ்காரன் தொப்பியைத் தரையில் வைக்கமாட்டான், பிறர் கையிலும் கொடுக்கமாட்டான், மடியில்தான் வைத்துக்கொள்வான். அதைத் தூக்கினால் அக்கா கையை எடுத்துவிடுவார். இதுதான் ஏற்பாடு.

மையத்துக்கு வருபவர்களில் இளையவனான காலிஸ் அவரிடம் போய்விட்டு வந்து, அடைத்த பல்லைப் பெருமையாகக் காட்டினான்.

"எத்தனை தடவடா தொப்பியத் தூக்குன?" என்றான் மெதெர்.

"யாரு எண்ணுனா, அண்ணே."

"பல்லப் பாக்கப் போனியா, ரயிலுக்குக் கொடி காட்டப் போனியா?"

அந்தச் சிரிப்போடு மெதெர் கல்லாய்க் காய்ந்த தயிர் உருண்டை ஒன்றைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்தான். பால்குடி மறந்த பிள்ளைகூட அதைச் சப்பித்தான் தின்னும். உருண்டை அப்படியே இருந்தது. பல்தான் இரண்டாயிற்று.

கன்னம் பூசணியாகி, காய்ச்சலும் வந்தபின் காலிஸ் அவனை இழுத்துக்கொண்டு போனான்.

"தொப்பிய எடுத்துக்க, அண்ணே."

"எனக்கெதுக்குடா கொடி?"

"வெயிலுக்கு."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெதெர் எடுத்துக்கொண்டான்.

"நிமிந்தே உக்காருங்க தம்பி, கதவு தொறந்தேதான் இருக்கும்," என்றார் குல்சுன் அக்கா. "ஆனா இன்னைக்கு எடுத்தே ஆகணும். சீழ் பரவுனா ஆபத்து."

கையுறை உதட்டைத் தொட்டது. சட்டென்று அறை மறைந்தது. பயிற்சியாளரின் அறை வந்தது. எழுந்து ஓடக் கால் துடித்தது.

தொப்பி ஒரு விரற்கடை உயர்ந்தது.

அக்கா கையை எடுத்துப் பின்னால் நகர்ந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

மெதெர் மூச்சு விட்டான். அறை திரும்பி வந்தது. தலையசைத்தான், அவர் குனிந்தார்.

இந்த முறை வலியில்லை, பயமுமில்லை. சும்மா, பார்க்கலாமே என்று தூக்கினான். உடனே நகர்ந்தார். அடடா!

"அண்ணே, ரயில் போயிருச்சா?" வாசலிலிருந்து காலிஸின் குரல்.

வாய் நிறையப் பஞ்சு. மெதெர் யோக்கியனைப்போல் கூரையைப் பார்த்தபடி, மறுபடியும் மெல்லத் தொப்பியைத் தூக்கினான்.