இருபத்திமூன்றாம் இலக்கம்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. ஆறு வீட்டு மாரிச் சாப்பாட்டுக்காகப் பத்து விரலையும் நீட்டிக்கொண்டு நின்ற கேதீஸ்வரியின் கதையை இன்றைக்குச் சொல்கிறேன்.

கண்டி வீதியோரத்து மொத்த விற்பனைக் களஞ்சியத்தின் வாசலில் காலை எட்டரைக்கே வரிசை நின்றது. உள்ளே போக அங்கத்தினர் அட்டை வேண்டும். கொழும்புத்துறை நண்டுக் கொம்பனியில் வேலை செய்யும் ஆறு பெண்கள் சேர்ந்து, கேதீஸ்வரியின் பேரில் ஓர் அட்டை எடுத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை அவள் வந்து மா, சீனி, பருப்பு என்று மூட்டையாக எடுத்துப் போவாள். பிறகு அவளுடைய முற்றத்தில் தராசு வைத்து ஆறாகப் பிரிப்பார்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் அவளை வெல்ல ஆளில்லை. பெரிய எழுத்தில் போட்ட விலை அவளுக்குக் கண்ணில் படாது. கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று மனதுக்குள்ளேயே பிரித்துவிடுவாள். பால்மாப் பெட்டியைப் புரட்டித் திகதி பார்ப்பாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடுக்கி வைத்த பிஸ்கட் பக்கம் திரும்பவே மாட்டாள். "சவுக்காரம் எங்கடை சந்திக் கடையிலைதான் மலிவு. இஞ்சை பெரிசாக் கட்டி வைச்சிருக்கிறாங்கள், அவ்வளவுதான்" என்பாள்.

இந்தமுறை வாங்க இருந்தது அதிகம். மழை இறங்கினால் நண்டு வலையில் படாது. கொம்பனி தை மாதம் வரைக்கும் பூட்டிக் கிடக்கும். அதுவரை ஆறு அடுப்பும் எரிவது இன்றைய மூட்டைகளில்தான். சேர்த்த காசு சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. குளிரூட்டிய கடைக்குள் நண்டு மணக்கக் கூடாதென்று முதல்நாளே கையைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்திருந்தாள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியாகக் கூட வந்த ஜெயனி தோளைத் தட்டினாள். "அக்கா, பால்மா ரண்டு பெட்டி. மறந்திடாதேங்கோ."

"மறந்திட்டு ஊருக்கை வரேலுமே? உன்ரை சின்னப் பெட்டை என்னைக் கடிச்சுப் போடுவாள்."

வாசற்காவலர் நேசையாவின் மேசையில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது.

"இதென்ன நேசையா அண்ணை, புதுச் சாமான்?"

"விரல் வைக்கிற மிசின், பிள்ளை. ஒரு அட்டையிலை ஊரே வருகுதெண்டு கொழும்பிலையிருந்து அனுப்பியிருக்கினம். இண்டையிலயிருந்து விரல் பதிஞ்சால்தான் உள்ளுக்கு விடலாம்."

கேதீஸ்வரி பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. சுட்டுவிரல், நடுவிரல், பிறகு மற்றக் கை. பத்துக்கும் சிவப்புத்தான்.

நேசையா அவளுடைய கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன பிள்ளை, வழுவழுவெண்டு கிடக்கு. ரேகை ஒண்டையும் காணேல்லை."

பதினொரு வருடமாக அந்த விரல்களால்தான் அவித்த நண்டுச் சதையைத் தடவித் தடவி ஓட்டுத் துண்டு தேடுகிறாள். கையுறை போட்டால் ஓடு தட்டுப்படாது என்று கொம்பனியில் கொடுப்பதில்லை. ஒரு துண்டு தப்பினாலும் பெட்டி திரும்பி வரும், கூலியில் வெட்டு விழும். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் குளோரின் தண்ணீரில் கையை முக்கியெடுக்க வேண்டும்.

"அப்ப என்ரை விரலை வைக்கட்டே?" என்றாள் ஜெயனி.

"எடியே, நீ மட்டும் கச்சேரியிலை கிளாக்கர் வேலையே செய்யிறாய்? உன்ரையும் நண்டு திண்ட விரல்தான்" என்றாள் கேதீஸ்வரி.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நேசையா சிரிக்கவில்லை. எழும்பி உள்ளே முகாமையாளரிடம் போனார். திரும்பி வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

"கொழும்புக்குக் கடிதம் போடட்டாம். மூண்டு கிழமை செல்லுமாம். நாலு வருசமா வாற பிள்ளை, எனக்குத் தெரியும் எண்டு சொன்னன். நான் சொல்லிச் சரிவராதாம்."

"மூண்டு கிழமையாலை நாங்கள் வேலையில்லாமல் இருப்பம், அண்ணை. அதுக்கிடையிலை இந்தக் காசும் கரைஞ்சிடும்."

"தெரியும் பிள்ளை. கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

இருவரும் மதிலோரம் ஒதுங்கினார்கள். வெறும் தள்ளுவண்டியின் கைப்பிடியைக் கேதீஸ்வரி இன்னும் விடவில்லை.

"சந்திக் கடையிலை வாங்குவமக்கா."

"கிலோக் கிலோவாய் வாங்கினால் உந்தக் காசு மார்கழி காணாதடி."

"பால்மா?"

"சின்னப் பைக்கற்றாத்தான் எடுக்கோணும்." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அப்போது நண்டுக் கொம்பனியின் குளிர் லொறி வந்து களஞ்சியத்தின் சாமான் இறக்கும் பக்கத்து வாசலில் நின்றது. சாரதி வாகீசன் தலையை வெளியே நீட்டினான். "என்ன கேதீசக்கா, வெளியிலை நிக்கிறியள்? உள்ளுக்கை விடேல்லையோ?"

அவள் பதில் சொல்லுமுன் இரும்புக் கதவு மேலே போனது. வெள்ளைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி உருட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொதி செய்தவளின் இலக்கம் ஒட்டியிருந்தது. இருபத்திமூன்று கேதீஸ்வரியுடையது. அந்த இலக்கப் பெட்டிகள் நேற்றுப் பின்னேரம் அவள் தடவி அடைத்தவை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் தன்னுடைய பெட்டிகளை வாய்க்குள் எண்ணினாள். ஒன்பதாவது பெட்டியும் உள்ளே போனதும் கதவு கீழே இறங்கியது. மற்ற வாசலில் நேசையா துணியெடுத்து மிசினின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நேரம் கேட்டிருந்த உங்கள் வீட்டு அரிசிப் பானை மாரி முழுக்க நிறைந்திருக்கட்டும், பிள்ளைகளே. உங்கள் விரல்களின் ரேகை உங்களிடமே இருக்கட்டும்.