நுழையாத கேசட்

காவலூர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த வேடியப்பனுக்கு 1988ஆம் வருஷம் மண்டை காய்ந்துபோனது. டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி போளூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று, கறுப்பாக ஒன்றை வாங்கிக் கடையில் வைத்தார். பத்து நாள் கூட்டம் நெரிந்தது. பதினோராம் நாள், எதிரே சைக்கிள் கடை போட்டிருந்த மச்சான் கண்ணாயிரம் வேறு கம்பெனியின் வெள்ளைப் பெட்டியை இறக்கினார். கூட்டம் அப்படியே ரோட்டைத் தாண்டிவிட்டது.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. வினையே அதில்தான் வந்தது. இருவரிடமும் ஆளுக்கு ஒற்றை மாடுதான். ஜோடி கட்டித்தான் வருஷா வருஷம் இருவரின் கொல்லைக் காட்டையும் உழுவார்கள். மழை பெய்து மூன்று நாளாகிறது, ஈரம் காய்வதற்குள் சாமை விதைத்தாக வேண்டும். என் அண்ணனிடம் போய் மாட்டைக் கேளு என்று மனைவி மங்கம்மாள் நச்சரித்தாள். மனுஷனுக்கு ரோஷம் விடவில்லை.

மாட்டைக் கேட்பதற்குப் பதிலாகப் போளூருக்குப் பஸ் ஏறினார். மச்சான் கடையில் ஓடும் கார் பந்தய ஆட்டக் கேசட்டையே வாங்கி வந்து தன் பெட்டியில் செருகினார். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். ம்ஹூம். மறுபடி போளூருக்கு ஓடினார். கடைக்காரர் தசரதன் சிரித்தார்.

"ஒருத்தன் கேசட்டு இன்னொருத்தன் பொட்டில போவாதுங்க. வேணும்னேதான் அப்டி செய்றான். பொட்டிய நஷ்டத்துக்குக் குடுத்துட்டு கேசட்டுல புடிச்சிக்குவான்."

நஷ்டத்துக்குக் கொடுப்பவன் எப்படிப் பிழைப்பான்? பஸ் மலையேறும்வரை யோசித்தும் பிடிபடவில்லை. சண்டை கம்பெனிகளுக்குள்ளா, தனக்கும் மச்சானுக்குமா என்பதே குழம்பிப்போனது.

இறங்கியதும் வெட்கத்தை விட்டு நேரே சைக்கிள் கடைக்குப் போனார்.

"நீயே வெச்சிக்க மச்சான். என் பொட்டில நுழையல."

கண்ணாயிரம் கேசட்டை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினார். டீக்கடையில் ஓடும் அதே குருவி சுடும் ஆட்டம். அவரும் போன வாரம் ரகசியமாக வாங்கியிருக்கிறார், அவர் பெட்டியிலும் நுழையவில்லை. மாற்றிக்கொண்டார்கள். இப்போது இருவரிடமும் ஏற்கெனவே இருந்த ஆட்டமே இரண்டிரண்டு.

"அப்ப யாரு மச்சான் ஜெயிச்சது?"

கண்ணாயிரம் கொட்டகைக்குப் போய்த் தன் மாட்டை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

"ஓட்டிக்கினு போ மாப்ள. நுகத்தடியாவது ஒரே கம்பெனிதானே."

வேடியப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. குழப்பம் மட்டும் தீரவில்லை. ஈரம் காய்வதற்குள் உழுதுவிட்டார்கள்.