விளக்குக் கம்பத்தடி எலுமிச்சை

தன்னார்வலர்கள் வந்தால் உனக்கு வேலை பாதியாகிவிடும் என்று நகராட்சி அலுவலகத்தில் சொன்னார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன். வந்த முதல் வாரமே, பாத்தியில் நான் விதைத்து அப்போதுதான் தலைகாட்டியிருந்த பூச்செடி நாற்றையெல்லாம் களை என்று நினைத்து ஒரு பல் டாக்டர் பிடுங்கிவிட்டார். பிடுங்கியதோடு விட்டாரா? கட்டுக்கட்டாகக் கட்டி என்னிடமே கொண்டுவந்து நீட்டினார். பல் பிடுங்குகிற கையல்லவா, ஒரு வேர்கூட அறுந்திருக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எங்கள் ஊரைச் சின்ன ஊர் என்றால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பெரிய ஊர் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரே ஒரு பூங்கா, அந்தப் பூங்காவுக்குத் தோட்டக்காரி நான் ஒருத்தி. அதனால் வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. காலையில் வரும் கூட்டத்தை நான் மேய்ப்பேன். மதியத்தோடு என் வேலை முடிந்துவிடும். மாலைக் கூட்டத்துக்குத் தலைவர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்திலிருந்து விசிலை மட்டும் இன்னும் கழற்றவில்லை என்பதால் ஊருக்கே அவர் விசில் சார். குளத்துக்கு இந்தப் பக்கம் காலைக் கூட்டத்துக்கு, அந்தப் பக்கம் மாலைக் கூட்டத்துக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். பங்காளிகள் சொத்துப் பிரித்தால்கூட அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க மாட்டார்கள்.

காலைக் கூட்டத்தில் என் மனதுக்குப் பிடித்தவர் தையல்காரம்மா ஒருவர்தான். பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறார். மற்றவர்கள் மண்வெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்போது அவர் பாட்டுக்கு ஒரு பாத்தியைக் கொத்தி முடித்திருப்பார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, வலிக்கிற முட்டியை ஒரு மாதிரி இழுத்து இழுத்து நடந்து, விளக்குக் கம்பத்தடியில் இருக்கும் எலுமிச்சங்கன்றிடம் போவார். நிதானமாக ஊற்றுவார். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த வெட்டுத்துணி ஒன்றை நனைத்து, இலை இலையாகத் துடைப்பார்.

அந்தக் கம்பத்தில் விளக்குப் போட்டது அவருடைய மகன். எலக்ட்ரீஷியன். ஏணியில் நின்றபடியே என்னோடு வம்பு வளர்ப்பான். "அக்கா, உங்க செடிக்கு நைட்டு லைட்டு போட்டா அது எப்பத்தான் தூங்கும்?" என்பான். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்து, எலுமிச்சைச் சாறு கேட்டு உட்கார்ந்தவன், மனைவி பிழிந்து எடுத்துவருவதற்குள் போய்விட்டான். நெஞ்சுவலி. நல்ல பிள்ளை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கம்பத்தடியில் ஒரு கன்று வைக்கலாமா என்று மாமியாரும் மருமகளும் சேர்ந்துதான் கேட்டு வந்தார்கள். குழி வெட்டியது நான். இருவரும் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் யாரைத் தாங்கி நிற்கிறார்கள் என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் தையல்காரம்மா மட்டும் தனியாக வர ஆரம்பித்தார். "மருமக வரலையா?" என்று கேட்டேன்.

"அவ மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்குறால்ல, அதுக்குப் பக்கத்துலயே ஹாஸ்டல்ல இருக்கா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தார். அந்த மண்ணில் கிளற ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நன்றாகத் துளிர்த்து வந்த கன்று, வெயில் காலம் தொடங்கியதும் மஞ்சளடிக்க ஆரம்பித்தது. முதலில் கீழிலைகள், பிறகு மேலே. பூச்சியாக இருக்கும் என்று மருந்தடித்தேன். சத்துக் குறைவாக இருக்கும் என்று எரு வைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாவற்றையும் பார்த்தேன், அது கேட்பதாக இல்லை. தையல்காரம்மா உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் போயிடுமா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். இந்தப் பூங்காவில் எத்தனையோ மரம் பட்டுப்போயிருக்கிறது, இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு வெட்டி எடுத்திருக்கிறேன். இதை மட்டும் விடக்கூடாது என்று தோன்றியது.

மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சேறு. கெட்ட வாடை வேறு. வேர் மூச்சுத் திணறிக் கிடக்கிறது.

"எவ்வளவு ஊத்துறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி ஒரே ஒரு வாளிதான்."

நான் நம்பவில்லை. பாசத்தில் பெண்கள் அளவு மறப்பது எனக்குப் புதிதா என்ன. நான் சொல்லும்வரை ஊற்றக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். அவரும் வெறுங்கையோடு வந்து, இலையை மட்டும் துடைத்துவிட்டுப் போனார். நாலைந்து நாள் கழித்து மறுபடி விரலை விட்டால் அதே சேறு. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இவர் காலையில் துடைத்த இலை மறுநாள் காலை வரை தூசி படியாமல் பளபளவென்று இருந்தது. பக்கத்துச் செடியெல்லாம் ரோட்டுப் புழுதியில் மூழ்கிக் கிடக்க, இது மட்டும் எப்படி?

விசில் சாரின் கூட்டத்தில் எவரோ எல்லை தாண்டி வருகிறார் என்று முடிவு கட்டி, கையும் களவுமாகப் பிடித்துக் கிழித்துத் தோரணம் கட்டுவது என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் என் பூங்காவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஊஞ்சலுக்கு வரிசை, புல்தரையில் சீட்டுக்கச்சேரி, நடுவில் விசில் சாரின் விசில். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒரு பெண் பூவாளியோடு குளத்தைச் சுற்றி வந்தாள். கண்ணாடிக் கடையின் நீலச் சட்டை. நிறைய மெலிந்திருந்தாள், ஆனாலும் தெரிந்துவிட்டது. கன்றுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பையிலிருந்து மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை எடுத்து இலைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"நீதானாம்மா?" என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அத்தைக்கு முட்டி வலி, இவ்வளவு தூரம் நடந்து வர மாட்டாங்கன்னு நெனச்சேன். யாரும் ஊத்தலன்னா காஞ்சிடுமேன்னு..."

"உங்க அத்தை தெனமும் காலையில வராங்க."

அவள் அப்படியே நடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அதிகமாகித்தான் கன்று வாடுகிறது என்று சொன்னபோது பூவாளியைத் தன் பின்னால் தள்ளி வைத்தாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு சொன்னாங்க."

"என்கிட்டயும் அதான் சொன்னாங்க. அவங்களே என் பெட்டியக் கட்டி வாசல்ல வச்சுட்டு, போய் நல்லா இருன்னு சொன்னாங்க. அவரே போன பெறகு நான் எதுக்கு அந்த வீட்டுலன்னு தோணியிருக்கும்." அழாமல்தான் சொன்னாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "இனிமே நான் ஊத்தல அக்கா. அவங்களே ஊத்தட்டும். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

என் வாயில் எதுவும் தங்காது. மறுநாள் காலை தையல்காரம்மா வாசலில் கால் வைத்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கையிலிருந்த வெட்டுத்துணியை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"அவ வந்து ஊத்துறாளா? அப்ப அவளே ஊத்தட்டும். இனிமே நான் ஊத்தல. நான் வரேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

"அதெல்லாம் சொல்லியாச்சு" என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இத்தன நாள் ரெண்டு பேரும் ஊத்தி ஊத்திச் சாகடிச்சீங்க. இனிமே நீ ஊத்து நீ ஊத்துன்னு ஆளாளுக்கு விட்டுக்கொடுத்துச் சாகடிக்கப் போறீங்களா? ஞாயித்துக்கிழமை வாங்க. அதத் தூக்கி வேற மண்ணு போடணும். பிடிக்க ஆள் வேணும்."

மருமகளுக்கும் விசில் சார் மூலம் அதையே சொல்லி அனுப்பினேன். உண்மையில் அந்தக் கன்றைப் பிடிக்க ஒரு ஆள் போதும். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் கடை விடுமுறை, ஒரே நேரத்தில் வர முடியும் என்பதால்தான் சொன்னேன்.

இருவரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் மாதிரி. நான் சுற்றிலும் தோண்டிக் கன்றை வேர்மண்ணோடு மேலே எடுத்தேன். பல் டாக்டர் ஓடிவந்து, "நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றார்.

"வேணாம் டாக்டர். நீங்க போய் அந்தப் பக்கம் களை பிடுங்குங்க. எது களைன்னு யாரையாவது கேட்டுட்டுப் பிடுங்குங்க."

மாமியார் தண்டின் கீழே பிடித்தார், மருமகள் மேலே. அழுகிய வேரை வெட்டிவிட்டு, குழியிலிறங்கிச் சேற்றை வாரி வெளியே போட்டேன். சரளைக் கல்லைப் பரப்பினேன், மணல் கலந்த மண்ணைக் கொட்டினேன். சீக்கிரம் முடிகிற வேலைதான். நான் முடிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து இங்கே வைத்து, அதையே எடுத்து அங்கே வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாமியார் குரல்தான் முதலில் கேட்டது. "முள்ளு குத்துது பாரு. கையக் கொஞ்சம் மேல வை."

"பரவால்ல அத்தை."

"எளச்சுப் போயிட்ட."

"ஹாஸ்டல் சாப்பாடு அப்படித்தான்."

நான் ஒரு கல்லை இடம் மாற்றினேன்.

"ஏன் அத்தை என்னப் பெட்டி கட்டி அனுப்புனீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? நீ அவன் சட்டைய மடியில வச்சுட்டு ஒரு மூலையில உக்காந்திருப்ப. நான் மெஷின் முன்னாடி ஊசியக்கூட கோக்காம உக்காந்திருப்பேன். என்னப் பாத்து நீ அழுவ, உன்னப் பாத்து நான் அழுவேன். உனக்குச் சின்ன வயசு. என்கூடவே இருந்தா நீ எந்திரிக்கவே மாட்டியோன்னு எனக்குப் பயம்."

"அதச் சொல்லியிருக்கலாமே. நீங்க ஒரு தடவகூட கூப்பிடல."

"பெட்டியத்தான கட்டி வச்சேன், கதவையா பூட்டி வச்சேன்? நீ ஒரு தடவ எட்டிப் பாப்பன்னு நானும் வாசலப் பாத்துட்டேதான் தச்சேன். எத்தன சட்டைக்குக் கைய மாத்தி வச்சேன்னு எனக்குத்தான் தெரியும்."

மருமகள் உடைந்து அழுதாள். மாமியாரும்தான். இருவருக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லை, கையை விட்டால் கன்று சாய்ந்துவிடும். கடைசியில் மருமகள் தலையைச் சாய்த்து மாமியாரின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தவள் தலையை எடுக்கவில்லை. குழிக்குள் எனக்கு மட்டும் கை சும்மா இருந்து என்ன பயன், அது முழுக்கச் சேறு. மண்ணைப் பார்த்துக்கொண்டே அழுதேன், பிறகு தும்மியதாகக் காட்டிக்கொண்டேன்.

கன்றை நட்டு மண்ணை மிதித்துவிட்டு எழுந்தபோது என் பழைய குரலுக்கு வந்திருந்தேன். "நான் சொல்ற வரைக்கும் யாரும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக்கூடாது. ஊத்தினது தெரிஞ்சா மாமியாருன்னும் பாக்க மாட்டேன், மருமகளுன்னும் பாக்க மாட்டேன்."

"அப்ப நாங்க வந்து என்ன பண்றது?" என்று தையல்காரம்மா கேட்டார்.

தன்னார்வலர்களோடு இதுதான் தொல்லை, சும்மா இருக்கச் சொன்னால் கை பரபரக்கும். "ஒண்ணும் பண்ண வேணாம். எதிர்ல பெஞ்சு இருக்குல்ல? சாயந்திரம் வந்து ரெண்டு பேரும் உக்காருங்க. அதான் உங்க வேலை."

வந்தார்கள். மாலைகளில் எனக்குப் பூங்காவில் வேலை கிடையாது. இருந்தும் குழாய் ஒழுகுகிறது, பூட்டு இறுகிவிட்டது என்று எதையாவது சாக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன். முதலில் இருவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்க்கிற மாதிரி கன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இலைகள் உதிர்ந்தன. மருமகள் பதறினால், "இருக்கட்டும், அக்கா பாத்துப்பாங்க" என்பார் மாமியார். போகப்போக மருமகள் கடையிலிருந்து நேராக வந்து, பையை மாமியார் மடியில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். அவள் மாமியாரின் முட்டியைப் பிடித்துவிடுவாள், இவர் ஒரு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டுவார். வாரக்கடைசியில் இருவரும் ஒரே பக்கமாக நடந்து போனதைப் பார்த்தேன். தையல்காரம்மாவின் கடையும் வீடும் இருக்கிற பக்கம்.

ஒருநாள் தண்டை நகத்தால் லேசாகக் கீறினேன். உள்ளே பச்சை. மண்ணில் விரலை விட்டேன், நன்றாகக் காய்ந்திருந்தது. இனி ஊற்றலாம். இதைச் சொல்ல எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோய் பெஞ்சுக்கு முன்னால் வைத்தேன்.

இருவரும் பார்க்கவில்லை. கண்ணாடி வாங்க வந்த ஒருவர், போட்டிருந்த கண்ணாடியையே கடை முழுக்கத் தேடிய கதையை மருமகள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கன்று இருப்பதையே இருவரும் மறந்திருந்தார்கள்.

வாளியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுபோய், நானே ஊற்றினேன். அளவாகத்தான் ஊற்றினேன்.