ஒன்பது நாள் தாமதம்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள் க்ளெனிஸ். மீன் வெட்டும் இயந்திரம் அவளது வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. நஷ்டஈட்டு வழக்குக்காக வக்கீல் பிண்டரிடம் போனாள். அவரும் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, கவலையை விடுங்கள் என்றார். மூன்றரை வருடம் கழித்து, வழக்கு நிற்கவில்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது.

க்ளெனிஸ் நம்பவில்லை. தன் கோப்பைத் தரச் சொல்லி அவர் அலுவலகத்துக்குப் போனாள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை, காலையில் கதவு திறந்ததுமே போய் உட்கார்ந்தாள். மதியம் கொண்டுபோன சாண்ட்விச்சை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டாள். நாலு மணிக்குக் கோப்பு கிடைத்தது.

கோப்புக்குள் தொழிற்சாலைத் தரப்பு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. விபத்து நடந்து மூன்று வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டிய வழக்கை, பிண்டர் ஒன்பது நாள் பிந்திப் போட்டிருந்தார். அதனால் அவள் பக்கத்து நியாயத்தை எந்த நீதிபதியும் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

உடனே போன் செய்தாள். பிண்டர் குரலைத் தாழ்த்தி, வேலை நெருக்கடியில் இப்படி நேர்வது சகஜம்தான் என்றார்.

"உங்களுக்குச் சகஜம். எனக்கு இருந்ததே பத்து வெரலுதான்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஹல் நகரத்துப் பெண் வக்கீல் ஒருத்தி, பிண்டர் மீதே வழக்குப் போட முன்வந்தாள். பிண்டரின் இன்சூரன்ஸ்காரர்கள் பதில் அனுப்பினார்கள். தேதி தவறியது உண்மைதான். ஆனால் நேரத்துக்குப் போட்டிருந்தாலும் அவள் தோற்றுத்தான் இருப்பாள். இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி நன்றாக இருந்தது, கவனமில்லாமல் கையை விட்டது அவள்தான் என்றார்கள். உண்மையில் மூடி உடைந்திருந்தது; அதைச் சொல்ல இப்போது ஒரு சாட்சி வேண்டும்.

அன்று ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தியவள், லிதுவேனியாவிலிருந்து வந்த வில்மா. இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறாள். விபத்துக்குப் பிறகு க்ளெனிஸைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். க்ளெனிஸ் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

வில்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிறகு, "அந்த ஒடஞ்ச மூடியில டேப்பைச் சுத்தி ஒட்டுனதே நான்தான், க்ளெனிஸ்," என்றாள்.

க்ளெனிஸுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை.

"ஒட்டச் சொன்னது யாரு?"

"சூப்பர்வைசர். லைனை நிறுத்தக் கூடாதுன்னான்."

"அப்ப ரெண்டையும் எழுது."

வேலை போய்விடுமே என்று வில்மா அழுதாள். அழுதுகொண்டே எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அந்த ஒரு தாளில் எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. சமரசம் பேச லிங்கன் நகரத்துக்கு அழைத்தார்கள். கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு தருவதாகச் சொன்னார்கள். கூடவே ஒரு நிபந்தனை: நடந்ததை அவள் வெளியில் யாரிடமும் பேசக் கூடாது.

"வெரலு எங்கேன்னு கேக்குறவங்ககிட்ட நான் என்ன சொல்லணும்? தொலைச்சிட்டேன்னா?" க்ளெனிஸ் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். இதில் பிடிவாதம் பிடித்தால் எல்லாமே கைவிட்டுப் போகலாம் என்று அவள் வக்கீலே எச்சரித்தாள். "போகட்டும். வாயையும் சேத்து விக்க நான் வரல."

வாசல்வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நிபந்தனையை அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

தொழிற்சாலை இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அது அவளுக்கு ஆறவே இல்லை. ஆனால் க்ளெனிஸ் வெளியில் பேசுவாள் என்ற பயத்தில், வில்மாவை வேலையிலிருந்து அனுப்பவும் அங்கே யாருக்கும் துணிச்சல் வரவில்லை. க்ளெனிஸ் மட்டும் சந்தையில், பஸ்ஸில், மாதா கோயில் வாசலில் என்று பிண்டர் பெயரைச் சொல்லியே பேசினாள். அடுத்த மாதத்துக்குள் இன்னும் மூன்று பேர் அவர் அலுவலகத்துக்குப் போய்த் தங்கள் கோப்பைக் கேட்டு உட்கார்ந்தார்கள்.