காப்புக் கட்டின நாய்

தவசி கயிற்றோடு கீழத்தெருவுக்குள் நுழைந்துவிட்டான் என்று தெரிந்ததும், இன்பராணி அடுப்பில் கொதித்த கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு நாய்க்குப் பாவாடை கட்ட உட்கார்ந்தாள். அருப்புக்கோட்டை விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் பியூலாவின் பழைய பச்சைப் பாவாடை அது. பல மாதங்களாகக் கட்டிப் பழகிய நாய், பின்னங்காலைத் தானே தூக்கிக்கொடுத்து ஒத்துழைத்தது. அதற்கு ராணி என்று பெயர். ஆனால் அது ஆண் நாய்.

ஆவரங்குறிச்சியில் கீழத்தெருக்காரர்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது. மேலத்தெருப் பொட்டை நாய்கள் கீழத்தெரு நாயோடு சேர்ந்து குட்டி போட்டுவிட்டால் ஊர் மானம் என்னாவது? இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாததால் வழக்கம் நிலைத்துவிட்டது. நாய்களை யாரும் கேட்கவில்லை. கீழத்தெருக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு முன்பே கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து, செல்வதுரை, ஸ்டீபன் என்று பெயர் வைத்து, ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்றும் கட்டிக்கொண்டவர்கள். பெயர் மாறியது. தெரு மாறவில்லை.

தெரு முடிகிற இடத்தில் ஒரு பட்டைக்கல் கிடந்தது. கீழத்தெருக்காரர்கள் மேலத்தெரு வழியாக பஸ்ஸுக்குப் போகும்போது அந்தக் கல்லருகே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலத்தெருக்காரர்கள் அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வர மாட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கே நின்று ஒரு சத்தம் கொடுப்பார்கள்.

போன வருடம் ஸ்டீபன் வளர்த்த ஆண் நாயைப் புளியமரத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஸ்டீபன் ஊர் கூடும் மந்தையில் எல்லார் காலிலும் விழுந்தார். தீர்ப்புச் சொன்னவர் அரண்மனைக் காரியஸ்தர் வீரபத்திரன். அந்த நாய் அடங்க வெகுநேரம் ஆனது. இன்பராணி அன்று முழுக்க அடுப்புப் பற்றவைக்கவில்லை. அதற்குப் பிறகுதான், நரிக்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒருவர் கொடுத்த இந்த வெள்ளைக்குட்டிக்கு ராணி என்று பெயர் வைத்தாள்.

தவசி வாசலில் வந்து நின்றான். மேலத்தெரு ஏவுகிற வேலைகளையெல்லாம் செய்பவன், கல்லைத் தாண்டி வந்துபோவது அவன் மட்டும்தான். நாளைக்குப் பட்டாபிஷேகம், அதற்குள் கீழத்தெருவில் ஆண் நாய் இருந்தால் பிடித்துவரச் சொல்லி உத்தரவு என்றான். பிறகு ராணியைப் பார்த்தான்.

"ஏத்தா, நாயிக்கு எதுக்குப் பாவாடை?"

"குளுருது" என்றாள் இன்பராணி.

வெளியே சித்திரை வெயில் பொரிந்துகொண்டிருந்தது. தவசி வெயிலைப் பார்த்தான், பாவாடையைப் பார்த்தான். அந்த வீட்டுக் கஞ்சியைப் பல நாள் குடித்தவன் அவன். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜமீனை அரசாங்கம் ஒழித்து நாற்பது வருடம் ஆகப் போகிறது. அந்தச் செய்திக்கு ஆவரங்குறிச்சி பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பழைய ராஜா போன தையில் செத்துப்போனார். மகன் ராஜகுரு மதுரையில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். அவருக்குத்தான் பட்டம். விடிந்ததும் புது ராஜா வேட்டைக்குப் புறப்பட வேண்டும், அவருக்கு முன்னால் ஒரே நிறத்தில் மறுவில்லாத ஆண் நாய் ஒன்று ஓட வேண்டும். காட்டில் வேட்டையாட ஓணானும் கருவேல முள்ளும்தான் பாக்கி. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

அந்த நாய்க்கு முந்தின நாளே காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் காரியம் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் ராஜாவுக்கு ஆகாது. அந்த நாயை அடிக்கக் கூடாது, கயிறு போடக் கூடாது. அது இருக்கும் தெருவில் யாரும் செருப்போடு நடக்கவும் கூடாது.

இதற்கென்றே ராஜபாளையத்திலிருந்து ஒரு நாயை வரவழைத்திருந்தார்கள். விருந்துக்கு அறுத்த கிடாய்களின் கழிவை அது வயிறு கொள்ளாமல் தின்றுவிட்டு, மத்தியானம் நாலு காலையும் நீட்டிப் படுத்துவிட்டது. எழுப்பிப் பார்த்தார்கள். எழுந்து வாந்தியெடுத்துவிட்டு மறுபடியும் படுத்தது. மேலத்தெரு நாய்களில் ஒன்றுக்கு முதுகில் கறுப்புத் திட்டு, ஒன்றுக்குக் கால் நொண்டி, மற்றவையெல்லாம் செவலையும் வெள்ளையும் கலந்தவை. இத்தனை தலைமுறை காப்பாற்றியும் நாய்க் குலம் எப்படிக் கலந்தது என்று யோசிக்க வீரபத்திரனுக்கு நேரமில்லை. தவசியைப் பிடித்து உலுக்கினார். கீழத்தெருவில் பாவாடை கட்டின வெள்ளை நாய் ஒன்று இருக்கிறது என்று தவசி வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

பட்டைக்கல்லில் நின்று வீரபத்திரன் இன்பராணியை நாயோடு வரச் சொல்லிச் சத்தம் கொடுத்தார். கணவன் செல்வதுரை காட்டில் கரிமூட்டம் போடப் போயிருந்தான். நாயை அணைத்துக்கொண்டு தனியாகத்தான் போனாள். பூசாரியும் நாலைந்து மேலத்தெரு ஆட்களும் நின்றார்கள்.

"பாவாடைய அவுரு" என்றார் வீரபத்திரன்.

முடிச்சு கைக்கு வரவில்லை. தவசி குனிந்து உதவி செய்தான். பாவாடை விழுந்தது. வீரபத்திரன் உற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கீழத்தெருவில் ஓர் ஆண் நாயைக் கண்டு மேலத்தெருக்காரர் சந்தோஷப்பட்டது அந்த ஊரில் அதுவே முதல் தடவை.

பூசாரிக்கு மட்டும் ஒரு சங்கடம். கீழத்தெரு நாயாயிற்றே என்று இழுத்தார்.

"நாயிக்கு ஏதுய்யா சாதி?" என்றார் வீரபத்திரன். போன வருடத்துப் புளியமரம் அவர் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று பூசாரியும் சமாதானமானார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் தீட்டுப் போய்விடும் என்றார். நாயை இழுத்துக்கொண்டு போனார்கள். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

பொழுது சாய செல்வதுரை கரியப்பிய உடம்போடு வந்தபோது, இன்பராணி பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரண்மனையில் நாய்க்குச் சங்கு ஊதிக் கற்பூரம் காட்டிக் கழுத்தில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள் என்றும், மொத்த மேலத்தெருவும் செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டது என்றும் தவசி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"பெருமைதான" என்றான் செல்வதுரை.

"நாளைக்குக் காப்ப அவுத்ததும் கயித்த மாட்டிருவாக. ஆம்பள நாயின்னு இப்ப ஊருக்கே தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். செல்வதுரை கை கழுவாமலே பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு தெருவுக்குத்தான் ஓடும் என்பார்கள். ராணியைக் குளிப்பாட்டி அரண்மனை நடுக்கூடத்திலேயே வைத்திருந்தார்கள். கட்டிப்போட வழியில்லை. கஞ்சி நேரம் வந்ததும் அது எழுந்தது, சோம்பல் முறித்தது, ஒரே ஓட்டமாகக் கீழத்தெருவுக்கு வந்துவிட்டது. உடம்பெல்லாம் மஞ்சள், கழுத்தில் காப்பு, கூடவே ஒரு செவ்வந்தி மாலை. நேராகச் சட்டியில் வாயை வைத்தது.

இன்பராணி அதன் கழுத்தைத் தடவினாள். காப்பு விரலில் பட்டது. அவள் அழுகை நின்றது. வெளியே போய் பட்டைக்கல் பக்கம் பார்த்தாள்.

மேலத்தெரு வந்துகொண்டிருந்தது. முன்னால் வீரபத்திரன், பின்னால் பூசாரி, அவருக்கும் பின்னால் மந்தையில் நாற்காலி போட்டு உட்காரும் பெரிய மனிதர்கள். கல்லருகே வந்ததும் கால்கள் நின்றன. காப்புக் கட்டின நாய் இருக்கும் தெரு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரபத்திரன் விழாவுக்கென்று மதுரையில் வாங்கிய புதுச்செருப்பு போட்டிருந்தார். கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். கீழத்தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பெரிய மனிதர்கள் கருவேல முள்ளுக்குப் பயந்து, கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்தார்கள்.

"நாய அனுப்பு" என்றார் வீரபத்திரன்.

"கஞ்சி குடிக்குது. குடிச்சு முடிக்கட்டும்யா" என்றாள் இன்பராணி.

நின்றார்கள். உள்ளே நாய் நிதானமாக நக்கும் சத்தம் கேட்டது. குடித்து முடித்துவிட்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்து வந்தவர்களைப் பார்த்தது. பூசாரி பழக்க தோஷத்தில் கும்பிட்டுவிட்டார். தவசி ச்சூ ச்சூ என்று கூப்பிட்டான், பழம் காட்டினான். நாய் இன்பராணியின் காலடியில் படுத்துக்கொண்டது.

"நாங் கூட வந்தாத்தான் வரும். நான் வரணும்னா அந்தக் காப்ப எப்பவுமே அவுக்கக் கூடாது" என்றாள் அவள். நாயைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

வீரபத்திரனுக்குக் கோபம் வந்தது. கீழத்தெருப் பொம்பளை நிபந்தனை போடுவதா என்று கேட்க வாயைத் திறந்தார். காப்புக் கட்டின நாய்க்கு முன்னால் சத்தம் போடலாமா என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். வேட்டை முடிந்ததும் காப்பை அவிழ்ப்பதுதான் வழக்கம் என்று பூசாரி மெதுவாகச் சொன்னார்.

"அப்ப அது இங்ஙனயே படுத்துக்கிரும்யா. கஞ்சி குடிச்சிருச்சுல்ல."

பெரிய மனிதர்கள் கணக்குப் போட்டார்கள். ராஜா நாளைக்கு மத்தியானமே மதுரைக்குத் திரும்ப வேண்டும், லாரி லோடு காத்திருக்கிறது. பூசாரி வீரபத்திரனைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். வழக்கம் என்பது நாம் சொல்வதுதானே என்று அவர் சொன்னது மட்டும் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. கடைசியில், நாய் உயிரோடு இருக்கும்வரை காப்பை அவிழ்ப்பதில்லை என்று பூசாரி கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். வீரபத்திரனும் அதன்மேல் கை வைத்தார். கீழத்தெரு முழுக்கச் சாட்சி.

இன்பராணி கிளம்பினாள். நாயும் எழுந்தது. பச்சைப் பாவாடையைக் கொடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். பக்கத்தில் நாய், பின்னால் செல்வதுரை, அவனுக்கும் பின்னால் மேலத்தெரு.

பட்டைக்கல்லருகே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. வீரபத்திரன் பழக்கத்தில் காலை நுழைக்கப் போனார். முன்னால் நாய் போய்க்கொண்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டார். புதுச்செருப்பை விட்டுப் போகவும் மனமில்லை. தவசியைத் தேடினார். தவசி எங்கேயோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் குனிந்து, தானே இரண்டு செருப்பையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டார். மேலத்தெரு வாசல்களில் பெண்களும் பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள். செருப்புகள் நடைக்கு நடை அவர் தொடையில் இடித்தன.

செல்வதுரை கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, தெரிந்த ஆள் தெரியாத ஆளுக்கு வழி சொல்வது போல மரியாதையாகச் சொன்னான்:

"கக்கத்துல இடுக்கிக்கோங்கய்யா. இடிக்காது. எங்களுக்குப் பழக்கம்."