முழுக்க லாபம்

அந்த யோசனையை நான் சொன்னதும் முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். பதினாறு வருடமாக இந்தக் கால்பந்து கிளப்பில் கணக்கு எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்டு இதுவரை யாரும் சிரித்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருடம் முன்பு முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஒரு முன்கள வீரனை வாங்கினார். வந்த வேகத்தில் முழங்கால் போனது. இன்று உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்குகிறான். நஷ்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் லீக்கில் புள்ளிகளைப் பிடுங்கிவிடுவார்கள். நாங்கள் எப்போதோ தாண்டியிருந்தோம். கணக்கை மூடப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"விலைக்கு வாங்கின ஆளை வித்தா, வாங்கின விலையில இன்னும் செலவா எழுதாம மிச்சம் இருக்கறதைக் கழிச்சுத்தான் லாபம் நிக்கும் சார்," என்றேன். "நம்ம அகாடமியில வளந்த பையனுக்கு வாங்கின விலையே கிடையாது. வித்தா வர்றது முழுக்க லாபம்."

சொல்லிவிட்டு டீயை எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளப் மேனேஜர் அகாடமிப் பட்டியலைப் பிரித்தார். அதில் விலை போகக்கூடியவன் ஒருத்தன்தான். என் அக்கா மகன்.

சத்தியமாகச் சொல்கிறேன், பேசும்போது அவன் என் நினைவில் இல்லை. நினைவுக்கு வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

எட்டு வயதில் அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து, தினமும் இரண்டு பஸ் மாறிக் கூட்டிவருவாள். பயிற்சி முடியும்வரை கம்பிவேலிக்கு வெளியே நின்றபடியே பட்டன் தைப்பாள். பதினோரு வருடம். இதற்கெல்லாம் கணக்கில் கட்டம் கிடையாது. அவன் பெயருக்கு நேரே சைபர்தான். வருகிற சீசனில் பெரிய அணியில் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தெருவில் யாரையும் விடாமல் அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

வாங்க வந்த கிளப்பின் கணக்கிலும் அதே நஷ்ட ஓட்டை. அதனால் பையனுக்குப் பையன் என்று முடிவானது. அவர்கள் எங்கள் பையனைக் கொள்ளை விலைக்கு வாங்குவார்கள். நாங்கள் அவர்களுடைய பையன் ஒருவனை அதே விலைக்கு வாங்குவோம். விற்ற லாபத்தை இந்த வருடமே எழுதலாம், வாங்கிய செலவை ஐந்து வருடத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பைசா கைமாறாமல் இரண்டு கிளப்பும் யோக்கியர்கள்.

பையன் சம்மதிக்க வேண்டும். "வீட்டு மனுஷன் நீங்க, சொன்னா கேப்பான்," என்று மேனேஜர் என்னையே அனுப்பினார்.

"நான் சரியா ஆடலையா மாமா?"

"நல்லா ஆடுறதாலதான் மாப்ள கேக்குறாங்க."

"அப்ப இங்க ஏன் வேணாங்கறாங்க?"

கையெழுத்துப் போடாவிட்டால், ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் இரண்டு வருடமும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சுகூடக் கிடைக்காது என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லி மிரட்டுவது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. போட்டான்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"யாரு யோசனைடா இது?"

"மேலிடத்து முடிவுக்கா."

"நீ அந்த ரூம்லதானே இருந்த?"

கேட்ட கையோடு போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

திங்கட்கிழமை மாற்றுப் பையன் வந்தான். ஒன்பது மணி நேர ரயில் பயணம். கூட அவன் அம்மா. அவன் ஆடும் இடத்தில் எங்களிடம் ஏற்கெனவே மூன்று பேர். கோச் இன்னும் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தம்மா பேப்பரில் விலையைப் பார்த்திருந்தாள்; கத்தரித்துப் பர்ஸில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள்.

"இவ்வளவு குடுத்து வாங்கியிருக்கீங்க. சும்மா உக்கார வைக்கவா வாங்குவீங்க, இல்லையா சார்?"

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டு, படிவத்தைப் பையன் பக்கம் தள்ளினேன். அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தம்மா குனிந்து, அவன் ஷூவிலிருந்து என் அறைத் தரையில் உதிர்ந்திருந்த காய்ந்த மண்ணைக் கைக்குட்டையில் கூட்டி எடுத்தாள். குப்பைத்தொட்டியைக் காலால் நகர்த்திக் கொடுத்தேன். அவள் அதைக் கவனிக்காமல், கைக்குட்டையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.